இணைச்சீருக்கு நின்றவள்

கொங்கு நாட்டில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே மலடி என்று சொல்லிவிட மாட்டார்கள். மரியாதை தெரிந்த ஊர். "ஏனுங்க அம்மணி, விசேஷம் ஏதாச்சுமுங்களா?" என்று, சாப்பிட்டாச்சா என்று கேட்கிற அதே குரலில் கேட்பார்கள். இல்லை என்றால், "ஆகுமுங்க, ஆகாம எங்க போவுது" என்று தோளைத் தட்டிவிட்டு, பந்தியில் அடுத்த இலைக்காரியிடம் குனிந்து, "இன்னும் ஒண்ணும் இல்லையாமா" என்பார்கள். கல்யாணமான நாள் முதல் ஆறு வருஷமாக லோகப்பிரியா இந்த மரியாதையைத் தின்றுகொண்டிருந்தாள்.

தாராபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்து கோயம்புத்தூர் கணபதிக்கு வாக்கப்பட்டவள். கணவன் அருள்குமாருக்கு அங்கே லேத் பட்டறை. பம்புசெட்டுக்கு உள்ளே சுழல்கிற பாகங்களைக் கடைந்து கொடுக்கிற வேலை. கடைவது அவன், ஆர்டர் பிடிப்பதும், இரும்பு வரவழைப்பதும், சரக்கு தாமதமானால் கம்பெனிக்காரனிடம் பேச்சு வாங்குவதும் அவள். பட்டறைக்கு வருகிறவர்கள் "அக்கா இருக்காங்களா" என்றுதான் கேட்பார்கள். அந்த அக்காவுக்கு அவள் பிறந்த ஊரில் ஒரே அடையாளம்தான். குழந்தை இல்லாதவள்.

அவள் வயசுக்கு வந்தபோது பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, ஊரைக் கூட்டிச் சீர் செய்தார்கள். அதற்கப்புறம் நாலு மாதம், ஐந்து மாதம் என்று மாதவிலக்கே வராமல் கிடந்தபோது ஊரைக் கூட்டவில்லை. வெளியே மூச்சு விடாதே என்றார்கள். முகவாயில் முடி முளைத்தது. கழுத்தைச் சுற்றிக் கறுப்புப் படர்ந்தது. ஒழுங்காகத் தேய்த்துக் குளிப்பதில்லை என்று அம்மா நாச்சியம்மாள் கடலை மாவையும் பீர்க்கங்கூட்டையும் எடுத்துக் கொடுத்தாள். தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிந்ததே தவிரக் கறுப்பு போகவில்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்குக் கழுத்து காட்டுகிற அடையாளம் அது என்று ஒரு டாக்டர் சொன்னபோது, லோகப்பிரியாவுக்குக் கல்யாணமாகிவிட்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்ததிலிருந்து ஒரு வியாதியின் அறிகுறியை அழுக்கு என்று தேய்த்திருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்துப் படித்தவள். அந்தப் பாடப்புத்தகத்தில் தவளைக்குச் சினைப்பை எங்கே இருக்கிறது என்று படம் போட்டிருந்தது.

நீர்க்கட்டி என்கிறது ஊர். பி.சி.ஓ.டி. என்கிறது படித்த ஊர். அது கட்டியே இல்லை. மாதம் ஒரு முட்டை முதிர்ந்து சினைப்பையை விட்டு வெளியே வர வேண்டும். ஹார்மோன்கள் தாறுமாறானால், பல முட்டைகள் ஒன்றாகக் கிளம்பி எதுவும் முதிராமல் பாதியில் நின்றுவிடும். ஸ்கேனில் குமிழி குமிழியாகத் தெரிவது அவைதான். சர்க்கரை நோய் போல, தைராய்டு போல, இதுவும் ஒரு உடல்நிலை. பத்துப் பெண்களில் ஒருத்திக்காவது இருக்கும் என்கிறார்கள். சர்க்கரை வந்த ஆளைப் பார்த்து, எந்தச் சாமிக்கு என்ன குறை வைத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. இதற்கு மட்டும் கேட்பார்கள், ஏனென்றால் இது பெண்ணுக்கு வருவது.

நாச்சியம்மாள் கேட்டாள். ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நாகதோஷம் என்று ஒருவன் சொன்னான். சினைப்பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவனைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்காது. அவன் சொன்ன இடத்துக்கெல்லாம் மகளைக் கூட்டிப்போய்ச் சுற்ற வைத்தாள். மலைவேம்புச் சாறு குடித்தால் கட்டி கரையும் என்று யாரோ சொல்ல, அந்த இலையைப் பிழிந்து வெறும் வயிற்றில் கொடுத்தாள். லோகப்பிரியா பாத்ரூமில் உட்கார்ந்து பச்சை பச்சையாக வாந்தியெடுத்தாள். கதவுக்கு வெளியே நின்று அம்மா, "உள்ள கொஞ்சமாச்சும் நின்னுச்சா கண்ணு?" என்றாள். பாசம்தான். பாசத்தில் செய்கிற கொடுமைக்கு யார்மேல் வழக்குப் போடுவது?

அருள்குமார் முரண்டு பிடிக்காத ஆள். முதல் தடவை டாக்டர் சொன்னதுமே விந்துப் பரிசோதனைக்குக் கொடுத்தான். அவன் பக்கம் குறை இல்லை என்று வந்தது. அதை ஊரில் சொல்லித் திரியாத அளவுக்கு நல்லவன். முட்டை முதிர்வதற்கு மாத்திரை கொடுப்பார்கள். இடைவிட்டு இடைவிட்டு ஸ்கேன் எடுப்பார்கள். ஒரு முட்டை வளர்ந்து வந்தால் ஊசி போட்டு, இன்றைக்கும் நாளைக்கும் சேர்ந்திருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். பட்டறையில் கை கழுவிக்கொண்டே அவன், "டெலிவரி தேதி குடுத்துப்போட்டாங்க. இனி மிஷின் ரிப்பேர்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க" என்பான். அவளும் சிரிப்பாள். முதல் வருஷம் அந்தச் சிரிப்பு உண்மையாக இருந்தது. போகப் போக அவன் அந்தத் தமாஷைச் சொல்வதில்லை. அவளும் தேதியைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. பல மாதங்களில் முட்டையே முதிராது. ஸ்கேன் எடுக்கிற பெண் திரையைத் திருப்பாமலேயே, "அடுத்த மாசம் பாக்கலாமுங்க" என்பாள். மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள். எடையைக் குறை என்பார்கள். இந்த உடல்நிலையே எடையை ஏற்றுகிறது, இறக்க விடாமல் இழுத்துப் பிடிக்கிறது என்று தெரிந்தவர்களே அதைச் சொல்வார்கள், என்னமோ அவள் பரோட்டாவாகத் தின்று தீர்க்கிற மாதிரி.

அவினாசி ரோட்டுப் பக்கம் அவர்கள் போய்வந்த கருத்தரிப்பு மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. காத்திருக்கிற கூடத்தில் சொந்தக்காரர்கள் தட்டுப்பட்டால், பார்க்காத மாதிரி இருந்துவிட வேண்டும். கல்யாண வீட்டில் கட்டிப்பிடித்து வாங்க வாங்க என்பவர்கள், அங்கே மீன்தொட்டியை உற்றுப் பார்ப்பார்கள். காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். மாமியார்கள் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார்கள், எதையோ திருட வந்தவர்கள் போல.

அங்கேதான் நாலு வருஷத்துக்கு முன்னால் லோகப்பிரியா தன் சித்தப்பா மகள் ரித்திகாவைப் பார்த்தாள். வழக்கப்படி ரித்திகாவும் மீன்தொட்டிப் பக்கம் திரும்பினாள். பிறகு என்ன நினைத்தாளோ, லிஃப்ட் வாசலில் பின்னால் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாதக்கா. எனக்கும் உன்னைய மாதிரியேதான்."

லோகப்பிரியா சொல்லவில்லை. அடுத்த வருஷம் ரித்திகாவுக்குப் பையன் பிறந்தான். அவள் மாமியார் ஒரு அம்மன் கோயிலில் தொட்டில் கட்டிய பலன் என்று ஊரெல்லாம் பேச்சு. நாச்சியம்மாளும் மகளை அங்கே கூட்டிப்போய்த் தொட்டில் கட்ட வைத்தாள். லோகப்பிரியா வாயைத் திறக்காமல் கட்டினாள். ரித்திகாவுக்குக் கொடுத்த வாக்குக்காக அவள் கட்டிய முடிச்சு அது.

இந்த நிலைமையில்தான் தம்பி மிதுனுக்குக் கல்யாணம் கூடியது. அவனைவிட அவள் எட்டு வயது மூத்தவள். அப்பா சீக்கிரம் போய்விட்ட வீடு. அம்மா காட்டு வேலையைப் பார்க்க, அவனுக்கு மூக்குச் சிந்தி விட்டதும், வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்ததும், கோயம்புத்தூரில் கல்லூரி படிக்கிறவரை சோறு போட்டதும் அக்காதான்.

கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்கு அவனோடு பிறந்தவள் செய்கிற சீர். தாலி கட்டுவதற்கு முந்தின நாள், அக்காவோ தங்கையோ பேழைக்கூடை என்கிற மூடி போட்ட மூங்கில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நிற்பாள். மணப்பெண்ணுக்கான கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை கக்கத்தில் இடுக்கிக்கொள்ள, மறுமுனையை அவள் பிடித்துக்கொள்வாள். எனக்கு வரப்போகிற பொண்டாட்டிக்குச் சமமாக நீயும் இந்த வீட்டில் உரிமைக்காரி என்று அதற்கு அர்த்தம். அவர்கள் குடும்பத்தில் கூடவே ஒரு வாக்கும் வாங்குவார்கள்: உனக்குப் பொண்ணு பிறந்தால் என் பையனுக்குக் கொடுப்பாயா என்று அவள் கேட்க, கொடுக்கிறேன் என்று அவன் சொல்ல வேண்டும்.

நாச்சியம்மாள் ஒரு நாள் கணபதிக்கு வந்தாள். தேங்காய், முருங்கைக்காய், வீட்டில் ஆட்டிய எண்ணெய் எல்லாம் இறக்கிவைத்துவிட்டு, காபி குடித்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று சொன்னாள்.

"இணைச்சீருக்கு ரித்திகாவ நிறுத்திக்கலாம்னு பேசிக்கிட்டாங்க கண்ணு. பையன் வெச்சிருக்கறவ. நீ கோவிச்சுக்காத. நல்ல காரியம் பாரு."

யார் பேசிக்கொண்டார்கள் என்று லோகப்பிரியா கேட்டாள். எல்லாரும்தான் என்றாள் அம்மா. அந்த ஊரில் எல்லாரும் என்று ஒரு ஆள் இருக்கிறான். அவனுக்கு முகமும் இல்லை, விலாசமும் இல்லை. கொடுமை செய்கிறவர்கள் எல்லாம் அவன் பெயரில்தான் செய்வார்கள்.

மிதுன் அன்று சாயங்காலமே போன் செய்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். தனக்கு இதிலெல்லாம் துளிகூட நம்பிக்கை கிடையாது, அம்மா ஆசைப்படுகிறாள், ஒரு நாள் கூத்துத்தானே, பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்றான். நம்புகிறவனிடமாவது சண்டை போடலாம், வாதாடலாம், ஒரு நாள் மாற்றலாம். நம்பிக்கை இல்லை, ஆனாலும் அம்மாவுக்காகச் செய்கிறேன் என்கிறவனை என்ன செய்வது? இந்த நாட்டில் பாதி அநியாயம் இவர்கள் தோளில்தான் நடந்து போகிறது.

அந்தச் சீரில் ஏதோ சக்தி இருக்கிறதென்று லோகப்பிரியாவும் நம்பவில்லை. கூடையைத் தலையில் வைத்தால் கல்யாணம் நிலைக்கும் என்றால், ஈரோட்டிலும் கோயம்புத்தூரிலும் குடும்பக் கோர்ட்டுக்கு வேலை இருக்காது. பிறக்காத பெண்ணைப் பிறக்காத பையனுக்கு எழுதிக் கொடுக்கிற வாக்கை அவள் அறவே வெறுத்தாள். ஆனால் எல்லாரும் நுழைகிற வாசலில் ஒருத்தியை மட்டும் நிறுத்தினால், உள்ளே இருப்பது தங்கமா தகரமா என்பது கேள்வியே இல்லை. எதற்காக அவளை நிறுத்தினாய் என்பதுதான் கேள்வி.

கல்யாணத்துக்கே போகப்போவதில்லை என்று அருள்குமாரிடம் சொன்னாள். அவன் மிஷினை நிறுத்தினான்.

"போகாட்டி அவங்களுக்குச் சௌகரியமாப் போயிருமே" என்றான்.

போனார்கள்.

தாராபுரத்தில் மண்டபம். தாலி கட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம். வாசலில் பன்னீர் தெளிக்கிற இடத்திலிருந்து சமையல்கட்டு வரைக்கும் லோகப்பிரியாவிடம் விசேஷம் கேட்டார்கள். அம்மா அவளைத் தாம்பூலப் பை போடுகிற இடத்தில் உட்கார வைத்தாள். தேங்காய் ஒன்று, வெற்றிலை பாக்கு, மஞ்சள் ஒரு துண்டு. அதைப் போட்டுக்கொண்டே இருந்தாள். மேடையில் சீர்களை நடத்திக் கொடுக்கிற அருமைக்காரர் வெள்ளியங்கிரி, இணைச்சீருக்கு நேரமாச்சுங்க என்று மைக்கில் சொன்னார்.

மணமகன் அறைக்குப் பக்கத்து அறையில் ரித்திகாவுக்கு அலங்காரம். ஒரு சிறுமி ஓடிவந்து, ரித்திகா அக்கா கூப்பிடுகிறாள் என்றாள். லோகப்பிரியா போனாள். ரித்திகா கதவைச் சாத்தினாள். தலை நிறையப் பூ, முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"நாலு வருஷமா உன்னையக் கண்டாலே எனக்குப் பயமுக்கா."

"எதுக்குடி?"

"எப்பவாச்சும் ஒரு கோவத்துல சொல்லிப்போடுவியோன்னு. இன்னைக்கு நீ கண்டிப்பாச் சொல்லிருவீன்னு நெனச்சேன்."

லோகப்பிரியாவுக்கு அப்போதுதான் கோபம் பொங்கியது. ரித்திகாவின் மேல் இல்லை.

"சொன்னா எனக்கென்ன கெடைக்கும்? உன்னையத் தள்ளிப்போட்டு மூணாவதா ஒருத்தியக் கொண்டாந்து நிறுத்துவாங்க. அவகிட்டயும் பயந்துக்கறதுக்கு ஒண்ணு இருக்கும். நீ சாமி குடுத்துச்சுன்னு பொய் சொல்லு, நான் அந்தச் சாமிக்குத் தொட்டில் கட்டறேன். நம்ம ரெண்டு பேரையும் ஆட்டி வெச்சுட்டு அவங்க நல்லாப் பந்தியில சாப்பிடுவாங்க."

ரித்திகா பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. நாச்சியம்மாள், அவள் பின்னால் நாலைந்து அத்தைமார். மகளை அங்கே பார்த்ததும் நாச்சியம்மாள் முகம் ஒரு கணம் சுருங்கியது. பார்க்காத மாதிரி ரித்திகாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். ஆத்தா கண்ணைத் திறந்து உனக்குக் கொடுத்தாளே, அந்தக் கைராசி என் பையனுக்கும் வரவேண்டும் என்றாள். லோகப்பிரியா சுவரோடு நின்றாள்.

ரித்திகா தலையிலிருந்த பூவைக் கழற்றினாள்.

"பெரீம்மா, ஆத்தா குடுக்கலீங்க. ஊசியும் மாத்திரையும்தானுங்க குடுத்துச்சு. அக்கா போற அதே ஆஸ்பத்திரிதான். அக்காவுக்கு இருக்கற அதேதான் எனக்கும். எனக்கு மருந்து கேட்டுச்சு, அக்காவுக்கு இன்னும் கேக்கலை. வேற ஒரு வித்தியாசமும் இல்லீங்க."

இதையெல்லாம் இப்படியா நாலு பேருக்கு முன்னால் சொல்லுவார்கள் என்று நாச்சியம்மாள் முணுமுணுத்தாள். பின்னால் நின்ற ஒரு அத்தை மெதுவாக ரித்திகாவின் காதருகே வந்து, "எந்த ஆஸ்பத்திரிங்க கண்ணு? நம்ம பொண்ணுக்குக் கேட்டேன்" என்றாள்.

நாச்சியம்மாள் அதற்குள் சுதாரித்துவிட்டாள். பெரிய வீட்டுப் பேத்தி ஒருத்தி வந்திருக்கிறாள், ரெண்டு பிள்ளைக்காரி, அவளைக் கூப்பிடலாம் என்றாள். லோகப்பிரியா குனிந்து பேழைக்கூடையை எடுத்தாள்.

"கூப்பிடும்மா. என்னையத் தாண்டிக் கூப்பிடு."

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மேடைக்கு நடந்தாள். ஜரிகை குறைந்த சேலை, கழுத்தில் கறுப்பு. அதை மறைக்கத் தலைப்பை அவள் இழுத்துப் போர்த்தவில்லை. மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற மிதுன் அவளைப் பார்த்துவிட்டு அம்மாவைத் தேடினான். வெள்ளியங்கிரியும் நாச்சியம்மாளைத் தேடினார். முன்வரிசையில் பெரியவர்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள். ஆறு வருஷமாக அவளை அறுத்த அந்த மரியாதை, அன்றைக்கு முதல்முறையாக அவளுக்கு உதவியது. முதுகுக்குப் பின்னால் எதையும் சொல்லக்கூடியவர்களுக்கு, சபையில் வைத்து முகத்துக்கு நேரே இறங்கு என்று சொல்ல நாக்கு வரவில்லை. "வாங்க அம்மணி" என்றார் வெள்ளியங்கிரி வேறு வழியில்லாமல்.

கூறைச்சேலையின் ஒரு முனையை மிதுனின் கக்கத்தில் வைத்தார். மறுமுனையை அவளிடம் கொடுத்தார். செய்யவேண்டியதைச் செய்தார். கடைசியில், வாக்குக் கேளுங்க அம்மணி என்றார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிள்ளையில்லாதவள் பிள்ளைக்குப் பெண் கேட்கப்போகிறாள் அல்லவா?

லோகப்பிரியா மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"மிதுன், உன்ற பொண்ணு எனக்கு வேண்டாம். பொறந்தா அவ இஷ்டத்துக்குப் படிக்கட்டும், அவ இஷ்டத்துக்குக் கட்டிக்கட்டும். எனக்கு வேற வாக்கு வேணும். நாளைக்கு உன்ற ஊட்டுக்கு ஒருத்தி வாரா. அவளுக்குக் கொழந்தை பொறக்கும், பொறக்காமயும் போகும். பொறக்காட்டி, விசேஷம் இருக்குதான்னு அவகிட்ட ஒருத்தரும் கேக்கக் கூடாது. அம்மாவும் கேக்கக் கூடாது. எந்தச் சீருலயும் அவளை எந்திரிச்சுப் போகச் சொல்லக் கூடாது. சொன்னா, நீ எந்திரிக்கோணும். வாக்குக் குடு."

மிதுன் கீழே அம்மாவைப் பார்த்தான். நாச்சியம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் இருந்தது கோபமா, அழுகையா, யாருக்கும் தெரியவில்லை. மண்டபத்தின் மறுகோடியில் மணப்பெண்ணின் அறைக்கதவு கொஞ்சமாகத் திறந்து, அங்கேயே நின்றது.

"நேரம் போகுதுங்க அம்மணி" என்றார் வெள்ளியங்கிரி.

"போகட்டுமுங்க."

அவள் சேலை முனையை விடவில்லை. அவள் விட்டால்தான் அடுத்த சீர். அருள்குமார் பின்வரிசையில் எழுந்து நின்றுகொண்டிருந்தான். பந்தி பரிமாறுகிறவர்கள் வாளியோடு வந்து வாசலில் நின்றுவிட்டார்கள்.

"சரிக்கா" என்றான் மிதுன், வாய்க்குள்ளேயே.

"என்ன சரி?"

"கேக்க மாட்டாங்க. கேக்க விடமாட்டேன்."

"மைக்குல சொல்லு. கடைசி வரிசைக்குக் கேக்கோணும்."

மிதுன் மைக்கிடம் குனிந்தான். சொன்னான். அவள் முழுசாகச் சொல்ல வைத்தாள், ஒரு வார்த்தை விடாமல். பிறகுதான் சேலையின் முனையை விட்டாள்.